நாற்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்

எனக்குக் காலையில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் முதல் ஷிப்ட் பார்த்த உடம்பு. வேலையை விட்டாலும் வேளையை விடவில்லை. எழுந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘எழுந்தாச்சு’ என்று ஒரு வார்த்தை போடுவேன். காபியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கேட்பதே அந்த வார்த்தையைப் பற்றித்தான், இன்ஸ்பெக்டரம்மா. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் நாற்பத்திரண்டு பெண்கள். எல்லோரும் தனியாகக் குடியிருப்பவர்கள். காலை எட்டு மணிக்குள் ஒவ்வொருத்தியும் ‘எழுந்தாச்சு’ என்று எழுத வேண்டும். எழுதாதவள் வீட்டுக்கு, கிட்டத்தில் இருப்பவள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. முதலில் இதை, உலகமே குடியிருக்கிற அந்தப் பெரிய இணையதளத்தில்தான் நடத்தினோம். அது எங்கள் வார்த்தையைத் தன் இஷ்டத்துக்குக் காட்டும், நடுவில் நகை விளம்பரம் காட்டும். லைப்ரரிக்காரி திங்கட்கிழமை போட்ட ‘எழுந்தாச்சு’ எங்களுக்கு வியாழக்கிழமை வந்தது. அவள் செவ்வாய்க்கிழமையே போய்விட்டிருந்தாள்.

“இனிமே அவன் வாசல்ல நாம நிக்க வேண்டாம்” என்று முதலில் சொன்னது தையல்காரிதான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள். முதலாளி இல்லாத இன்னொரு ஏற்பாடு இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். யார் வேண்டுமானாலும் தன் மெஷினில் ஒரு சின்ன வீடு வைத்துக்கொள்ளலாம். வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஒயரும் பொறுமையும் பழக்கம். மெஷினை என் வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தோம். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குக் ‘கூடம்’ என்று பெயர் வைத்தோம்.

பழைய இடத்தில் சில பேர் எங்கள் நம்பரைப் பிடித்துத் தொல்லை கொடுத்திருந்தார்கள். அதனால் இங்கே யாரும் யாருக்கும் போன் நம்பரோ விலாசமோ தருவதில்லை என்று முடிவு. எல்லாம் என் நோட்டில் மட்டும். யார் வீட்டை யார் போய்த் தட்டுவது என்று நான் சொல்வேன்.

“அக்கா, நீங்கதான் எங்க எக்ஸ்சேஞ்ச்” என்றாள் தையல்காரி.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. காலை நேரத்தில் கூடத்தைப் பார்க்க வேண்டுமே.

“என்ன நர்ஸம்மா, எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப எழுந்திருக்கீங்க? நான் தட்ட வரலாம்னு செருப்பையே மாட்டிட்டேன், தெரியுமா?”

“மாட்டினது மாட்டினீங்க டீச்சர் தங்கம், அப்படியே பால் வாங்கிட்டு வந்துடுங்க.”

எக்ஸ்சேஞ்சில் நான் ஊரார் பேச்சை இணைத்துவிடுவேன், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இங்கே நான் இல்லாமல் ஒரு பேச்சும் நடக்காது. அதை நான் தலையில் ஏற்றிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்.

ஒரு நாள் தையல்காரி எனக்கு மட்டும் எழுதினாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் எழுபத்திரண்டு ஆச்சு. நாளைக்கு நீங்களே எழுந்திருக்கலைன்னா எங்க கதி என்ன? ஒரே ஆள் கையில சாவி இருக்கக் கூடாதுன்னுதானே அங்கேருந்து வந்தோம்? அஞ்சு பேர் முறை போட்டுப் பாத்துக்கற வீடு ஒண்ணு இருக்கு. எல்லாரும் அங்கே போயிடலாம். நீங்களும் வாங்க, வேலை மிச்சம்.”

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் சொல்லப்போவதாக எழுதியிருந்தாள். அவள் சொன்னால் கேட்பார்கள். கூடம் காலியாகிவிடும், நான் மட்டும் யாருமில்லாத சுவரைப் பார்த்து ‘எழுந்தாச்சு’ என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

வம்பு பண்ணுகிறவர்களுக்காக மெஷினில் ஒரு வசதி உண்டு. அவர்கள் எழுதுவது அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. தையல்காரியை அதில் வைத்தேன். மற்றவர்கள் எழுதுவதும் அவளுக்கு என் வழியாகத்தான் போகும்படி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லோரையும் கூப்பிட்டாள். பதிலே வராவிட்டால் பாவம், என்ன நினைப்பாள்? டீச்சர் பெயரில் எழுதினேன்: “இங்கேயே நல்லாத்தானே இருக்கு? எதுக்கு வீண் அலைச்சல்?” டீச்சர் எதையும் கேள்வியாகத்தான் முடிப்பாள். நர்ஸ் எல்லோரையும் ‘தங்கம்’ என்பாள். ஆயுசெல்லாம் குரல் கேட்டவளுக்கு நாற்பது பேர் பேச்சு பெரிய வித்தை இல்லை.

“நீங்க எல்லாரும் வேண்டாம்னா நான் மட்டும் போய் என்ன பண்ணப்போறேன்” என்று அவள் தங்கிவிட்டாள்.

மற்றவர்களுக்காக அவள் பெயரில் காலையில் ‘எழுந்தாச்சு’ போட்டேன். ஏன் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று கேட்டார்கள். கண் ஆபரேஷன், அதிகம் எழுத முடியவில்லை என்று அவளாகவே பதில் சொன்னேன். நாலு மாதம். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர்கள், நடுவில் நான். ஒருவருக்கும் ஒரு குறையில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு எழுதினாள். “குளியலறையில விழுந்துட்டேன். நெஞ்சை அடைக்குது. எழுந்திருக்க முடியல. யாராவது வாங்க.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். யாராவது போனால் அவள் போனைப் பார்ப்பார்கள். அவள் கேட்ட பேச்சை அவர்கள் யாரும் பேசியிருக்கவில்லையே. நாற்பது பேர் மனசும் உடைந்துபோகும். அதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

“தங்கம், ஆம்புலன்சுக்கு நான் சொல்லிட்டேன்” என்று நர்ஸாக எழுதினேன். “நீ யாருக்கும் போன் பண்ணாத. சார்ஜ் தீந்துடும்.”

“அக்காவும் கிளம்பிட்டாங்களாமே?” என்றாள் டீச்சர்.

“அக்கா வராங்களா? அப்ப சரி” என்று எழுதினாள் தையல்காரி.

ரோட்டை வெட்டிப் போட்டிருப்பதால் வண்டி சுற்றி வருகிறது என்று ஒருத்தி சொன்னாள். இதோ திரும்பிவிட்டது என்றாள் இன்னொருத்தி. மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லி நர்ஸ் எண்ணிக்கொண்டே இருந்தாள். டீச்சர் ஒரு ஜோக்குகூடச் சொன்னாள். தையல்காரி சிரித்ததாக ஒரு பொம்மை முகம் அனுப்பினாள். ஒன்பது இருபதுக்கு, “எல்லாரும் இருக்கீங்கல்ல?” என்று கேட்டாள். ‘இருக்கோம்’ என்று நாற்பது பேரும் சொன்னார்கள். ஒவ்வொருத்திக்கும் அவளவள் பாணியில் தனித்தனியாக எழுதினேன். நகல் எடுத்துப் போடவில்லை. கடைசி பதிலை அனுப்பும்போது மணி ஒன்பது ஐம்பது. அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை.

அடுத்த நாலு நாளும் அவள் பெயரில் ‘எழுந்தாச்சு’ போட்டது நான்தான். ஐந்தாம் நாள், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர் கதவைத் தட்டியதும் மற்றதும் உங்களுக்கே தெரியும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். என் முழங்காலோடு நடந்தாலும் ஏழு நிமிஷம்தான். போக நினைக்காமல் இல்லை. ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்தும் விட்டேன். ஆனால் நான் எழுந்து போனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிவிடுவார்கள், அம்மா. அந்த நிலைமையில் அவளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.