வானொலியில் சோறு உண்ட தகப்பன்

மேடையில் அமர்ந்திருக்கும் நிலையத் தலைவர் அவர்களே, எதிரே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நடிகர்களே, பொறியாளர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பூசான் நகரத்து நேயர்களே, முன்வரிசையில் வெள்ளைத் துக்க உடையில் இருக்கும் அத்தை அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் எங்கள் குழந்தை கும்ஜுவே! அனைவருக்கும் என் வணக்கம்.

அழகாகப் பேச எனக்கு வராது. இந்த நிலையத்தில் அழகாகப் பேசுகிறவர்கள் நடிகர்கள்; அவர்களைப் பார்த்துக் கத்துகிறவன் நான். மாலை நாடகத்தின் இயக்குநர் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. கத்துகிறவனை எதற்குப் பேசக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “தேசொப்கிட்ட அதிகமாக் கத்தினது நீங்கதானே” என்றார்கள். உண்மைதான். மறுக்க முடியவில்லை.

ஒலிக்கலைஞர் திரு. பியோ தேசொப் அவர்கள் போய்விட்டார். நேயர்களே, உங்கள் வீட்டு வானொலியில் மழை பெய்ததே, அது யார் பெய்வித்த மழை? முறத்தில் பயறை உருட்டித் தேசொப் பெய்வித்த மழை! குதிரைகள் ஓடினவே, அவை யாருடைய குதிரைகள்? இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு தேசொப் ஓட்டிய குதிரைகள்! எதிரிப் படைத்தலைவனின் கழுத்து முறிந்ததைக் கேட்டு உங்கள் பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்தார்களாம். அது ஒரு முட்டைக்கோஸ், ஐயா! மைக் முன்னால் அதைத் திருகி ஒடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் கும்ஜுவுக்கு சூப் வைப்பார். “இன்னிக்கு யாருப்பா செத்தது?” என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பிள்ளை சூப் குடிக்கும்.

மனைவியைக் காய்ச்சலில் பறிகொடுத்த பிறகு அந்த வீட்டில் தகப்பனும் மகளும் மட்டும்தான். மகளுக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். ஒரு பின்னல் மேலே இருக்கும், ஒரு பின்னல் கீழே இருக்கும். இங்கே வீணாகிப் போன ஒலிநாடாவையெல்லாம் சேர்த்து அவளுடைய பட்டத்துக்கு வால் கட்டினார். துறைமுகத்துக்கு மேலே அந்த வால் பளபளவென்று பறந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் நாடாவில் பாதி வானத்தில்தான் இருந்தது.

இனி அந்தக் கரண்டி விஷயத்துக்கு வருகிறேன். கும்ஜு, மாமா சொல்லலாமா? தலையாட்டிவிட்டாள். சொல்கிறேன்.

ஒருநாள் போர்க்களக் காட்சி. நேரடி ஒலிபரப்பு. வாள்கள் மோதுகின்றன, குதிரை கனைக்கிறது. நடுவே, வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம்! நான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் அரசி சாகக் கிடக்கிறாள். அங்கேயும் கரண்டி! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, அரசிக்கு உசிரு இழுத்துக்கிட்டிருக்கு. பக்கத்துல உக்காந்து எவங்க சோறு திங்கறான்?”

தேசொப்பைத் தனியாகப் பிடித்தேன்.

“போர்க்களத்துல எவன்டா சாப்பிடறான்?”

“படைத்தலைவருக்கும் பசிக்கும்ல அண்ணே.”

“விளையாடாதே. அறைஞ்சிருவேன். உண்மையைச் சொல்லு.”

சொன்னார். “ஏழு மணிக்கு நான் இங்க இருக்கேன், மக வீட்டுல தனியா இருக்கா. சோத்தை மூடி வச்சிட்டுத்தான் வர்றேன். ஆனா பெரியவங்க கரண்டி எடுக்காம அவ எடுக்க மாட்டா அண்ணே. அவங்கம்மா அப்படிப் பழக்கிட்டுப் போயிட்டா. நான் வீடு திரும்பறவரைக்கும் ஆறின சோத்து முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. அதான், ரேடியோல நான் கரண்டி எடுத்தா நீயும் எடுக்கணும்னு பேசி வச்சிருக்கோம்.”

“சரி, கிண்ணத்துல சும்மா ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன். நிஜச் சோத்தைப் போட்டு ஏன்டா திங்கறே?”

“வெறுங்கிண்ணத்தைத் தட்டிப் பிள்ளையை ஏமாத்தச் சொல்றீங்களா?”

பெரியவர் எடுக்காமல் பிள்ளை எடுக்காது என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். நாம் அதைப் பிள்ளைகளை அடக்கத்தானே வைத்திருக்கிறோம்? இந்த மனிதர் அதைப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வைத்துக்கொண்டார்! மறுநாளே எழுத்தாளரைக் கூப்பிட்டு, எந்தக் காட்சியாக இருந்தாலும் எவனாவது ஒருவன் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றுமுதல் நம் நாடகத்தில் ஒற்றர்கள் சாப்பிட்டார்கள், துறவிகள் சாப்பிட்டார்கள், ஒரு பேய்கூடச் சாப்பிட்டது.

போன புதன்கிழமை மதியம் ஒத்திகை. புயல்மழைக் காட்சி. முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், “கொஞ்சம் உக்காந்துக்கறேன் அண்ணே” என்றார். முறம் சரிந்தது. பயறு தரையெல்லாம் சிதறி ஓடியது. அப்படி ஒரு மழை அதுவரை நாங்கள் கேட்டதில்லை. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தோம். கைதட்டினோம், அவையோரே! “பலே தம்பி, இதையே வச்சுக்கலாம்” என்று நானே கத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் வந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஒலிபரப்பை நிறுத்த வழியில்லை. அத்தையைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. அவர் வந்துதான் குழந்தையிடம் சொல்லவேண்டும். அதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. பிள்ளை இந்த ஒருவேளைச் சோற்றையாவது அப்பா போனது தெரியாமல் தின்னட்டும் என்று நினைத்தோம். நினைத்தது சரியா, தப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை. தேசொப்பின் கரண்டியை எடுத்து, தேசொப்பின் கிண்ணத்தில் நான் தட்டினேன். சோறு போடவேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நாடகம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போதே நிலையத்து வாசலில் கும்ஜு நின்றாள். காலில் செருப்பில்லை. மூச்சு இரைத்தது. “எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு? அது வெறுங்கிண்ணம். எங்கப்பா வெறுங்கிண்ணத்துல சாப்பிட மாட்டாரு” என்றாள். இந்த நகரமே கைதட்டும் நடிகர்கள் அத்தனை பேரும், நானும், அவள் முன்னால் நின்றோம்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். தொடரட்டும். மழைக்கும் குதிரைக்கும் வேறு கலைஞர் வருவார், நன்றாகவே செய்வார். ஆனால் அந்தக் கரண்டியை மட்டும் இந்த நிலையத்தில் யாரும் தொடவேண்டாம். அது நம்முடைய சத்தம் இல்லை.

அத்தை மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறவர். இனி கும்ஜுவோடுதான் இருக்கப்போகிறார். ஆனால் கடையை மூடிவிட்டு வர நன்றாக இருட்டிவிடும். வயிற்றுப்பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஏழு மணிக்கு அந்த வீட்டில் அந்தப் பிள்ளை தனியாக இருக்கும். ஆகவே, நிலையத் தலைவர் அவர்களே, முகம் சுளிக்காதீர்கள். உங்கள் அறையில் சொன்னால் மறுத்துவிடுவீர்கள் என்றுதான் மேடையில் சொல்கிறேன். மாலை நாடகத்தை நான் விட்டுவிடுகிறேன். காலையில் வானிலை, உழவர் நிகழ்ச்சி, எது கொடுத்தாலும் செய்கிறேன். ஏழு மணிக்கு நான் கும்ஜுவின் வீட்டில் இருப்பேன்.

நேற்றே போனேன். நான் போரின்போது என் வீட்டாரை வடக்கே எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு, ஒற்றை ஆளாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவன். அன்றிலிருந்து நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன். நான் கரண்டி எடுப்பதற்காகக் காத்திருக்க இந்த ஊரில் எனக்கு யாரும் இருந்ததில்லை. நேற்று நான் எடுத்தேன். எதிரே அவளும் எடுத்தாள். முகத்தை மறைக்கக் கிண்ணத்தின் மேல் குனிந்து இன்னும் வேகமாகச் சாப்பிட்டேன்.

“மாமா, மெதுவாச் சாப்பிடுங்க” என்றாள்.

“ஏம்மா?”

“நீங்க கரண்டியைக் கீழ வச்சிட்டா நானும் வச்சிரணும். அப்புறம் நீங்க கிளம்பிருவீங்க.”

தம்பி தேசொப், உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். இனி நான் மெதுவாகச் சாப்பிடுவேன்.