மஞ்சள் சொண்டுக் காகம்

ரூ காய் தெருவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்பதால் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்றவர் நல்லெண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, காசு வாங்கும் பெண்ணிடம் கேட்டார்:

“பிள்ளை, சொண்டு மஞ்சளாய் இருந்தால் அது காகமோ?”

அவள் நிமிர்ந்தாள். “எங்கையண்ணை அப்பிடிக் காகம் கண்டனியள்?”

“அல்ப்ஸ் மலையிலை. அங்கை ஒரு ஹோட்டல் குசினியிலை வேலை. சீசன் இல்லாத நேரம் காவலும் நான்தான். புரட்டாசிச் சனிக்கு விரதம் பிடிச்சு, வெளியிலை காகத்துக்குச் சோறு வைப்பன். அதுதான் வந்து தின்னும். அது தின்னாமல் நான் வாய் வைக்கிறேல்லை.”

“தின்னுதெண்டால் காகம்தான், அண்ணை.”

“போன சனி வரேல்லைப் பிள்ளை. போன வருசம் மார்கழி நத்தாருக்கும் ஸ்னோ இல்லாமல் வெறும் புல்லுத்தான் கிடந்தது. இந்த முறை புரட்டாசியிலையே ஸ்னோ கொட்டிட்டுது. வைச்ச சோறும் மூடிப்போச்சு.”

“அப்ப நீங்கள் சாப்பிடேல்லையோ?”

“பொழுதுபடும் மட்டும் கதவடியிலை நிண்டு பாத்தன். அறுபது அறை. ஒரு அறையிலையும் ஆள் இல்லை. பிறகு பசிக்கேல்லை.”

“நாளைக்கும் சனிதானே. இஞ்சை நிண்டு, ரூ பஜோல் கோயிலிலை எள் எரிச்சிட்டுப் போங்கோவன்.”

“இல்லை, இண்டைக்கு ஆறு மணிக்கு ரயில். நாளைக்கு அது வந்திட்டுதெண்டால்?”

அவள் அவருடைய கூடையைப் பார்த்தாள்.

“வாழையிலை ரெண்டோ, அண்ணை?”

“ஓம். ரெண்டு. அதுக்கும் ஒண்டு.”