சடையன் பாடிய பெயர்

சனிக்கிழமை காலை. படீர். இன்னொரு படீர். கித்தா மரங்களுக்குள் ஓடுகிறோம். ரப்பர் பால் வாளிகள் உருள்கின்றன. என் மனைவி காமாட்சியின் கையை நான் விடவில்லை.

"படுங்க! சுடுறாங்க!"

கத்தியவள் அங்கம்மாள். எங்களோடு மரம் வெட்டிப் பால் எடுத்தவள். அவள் படுக்கவில்லை. விழுந்தாள்.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். சிங்கப்பூரில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கலகம் செய்த சிப்பாய்கள் சிலர் கடல் தாண்டி, தெப்ராவ் பக்கம் எங்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள். அது வியாழக்கிழமை. நல்ல பசி அவர்களுக்கு. காமாட்சி சோறு போட்டாள். வாசலுக்கு வந்தவர்களை மாரியாத்தாதான் அனுப்பினாள் என்றாள். சாப்பிட்டார்கள். கும்பிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல். உடுக்கை அடித்துப் பாடியவர் சடையன். சேலத்துக்காரர். எங்களைப் போல மரம் வெட்டுகிறவர்தான். பாட்டு அந்தந்த நேரத்தில் அவர் வாயில் வரும். பிள்ளை பிறந்தால் பாட்டு. ஆள் செத்தால் பாட்டு. கங்காணி அடித்தால் அதுவும் பாட்டு. அதனால் கங்காணிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

தர்மம் செய்தவர் பெயரை ஆத்தா முன்னால் பாடுவது எங்கள் வழக்கம். சிப்பாய்க்குச் சோறு போட்டவள் காமாட்சி என்று சடையன் பாடினார். ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. கங்காணி கேட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாள் அந்தச் சிப்பாய்களைத் தேடிப் பட்டாளம் வந்து சுட்டது. ஓடியவர்களைப் பிடித்துக் களத்தில் உட்கார வைத்தது. எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். கங்காணி அவரிடம் எல்லாம் சொன்னான். பிறகு சடையன் பக்கம் திரும்பி, கோயில் உடுக்கையை அவர் முன்னால் போட்டான்.

"என்னா பாட்டுக்காரரே, நேத்துப் பாடுனத தொரைக்கும் பாடுங்க. சோறு போட்டது யாரு?"

உடுக்கை அதிர்கிறது. டும். டுடும். காமாட்சியின் நகம் என் கையில் இறங்குகிறது. அந்த அடி வருகிறது.

"சோறு போட்டவன் சடையன்."

தன் பெயரை அவர் ஒருநாளும் பாடியதில்லை.

பொய் என்கிறான் கங்காணி. துரை எங்களைப் பார்க்கிறார். சடையன் அதே அடியைப் பாடி நிறுத்துகிறார். அவர் நிறுத்தினால் நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். அதுதான் முறை. யாரும் வாய் திறக்கவில்லை. உடுக்கையை ஓங்கி அடித்தார். கண்ணால் அதட்டினார். காமாட்சி எழப் போனாள். அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் பாடினேன். பிறகு லயத்து வீடுகளின் சனம் முழுவதும் பாடியது.

அவர் கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மரங்களுக்கு அப்பால் ஒரு வெடி. ஒன்றுதான்.

போனவர்கள் இரண்டு பேர். அங்கம்மாள். சடையன். உடுக்கையைக் கங்காணி மிதித்தான். அவரோடு போன பாட்டுகளுக்குக் கணக்கில்லை. என் மகள் பிறந்தபோது அவர் பாடியதில் முதல் அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சில வருஷம் கழித்துக் காமாட்சி காய்ச்சலில் போனாள். பெயர் சொல்லிப் பாட ஆளில்லை. சும்மாவே தூக்கிப் போனோம்.