ஷெரீப்பைக் கொல்ல வேண்டிய நாள்

ரொக்ஸ்பரோவில் காலைப் பேருந்தில் ஏறிய தமிழ்த் தம்பதியர் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். கணவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"இண்டைக்கு அவனைக் கொல்லவேணும்."

"ஆரை?"

"ஷெரீப்பைத்தான். போனை எடும்."

கேட்கக் கேட்கத்தான் எனக்கு விளங்கியது. மனுசன் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு மாத நாவல் எழுதுகிறவர். பேய்க்கதை, துப்பறியும் கதை என்று வேறு வேறு பெயர்களில் எழுதிக் குவித்து, கடைசியில் கௌபாய் கதையில் நிலைத்துவிட்டார். குதிரையில் திரியும் காவல் அதிகாரி ஷெரீப்தான் அவற்றின் நாயகன். வேலைக்குப் போகும் வழியில் இவர் சொல்லச் சொல்ல, மனைவி அதைப் போனில் தட்டச்சு செய்வார்.

"நெஞ்சிலை குண்டு பட்டு ஷெரீப் குதிரையாலை விழுந்தான். அடிச்சாச்சோ?"

"இல்லை. நான் அடிக்கமாட்டன்."

"பதிப்பகக்காரர் முடிக்கச் சொல்லிப்போட்டாரப்பா. இப்ப ஒருத்தரும் கௌபாய் வாசிக்கிறேல்லையாம். இதுதான் கடைசிப் புத்தகம்."

"அவருக்கென்ன, அங்கை இருந்து சொல்லுவார். ஷெரீப் செத்தால் நாளைக்கு இந்த பஸ்ஸிலை என்னோடை என்ன கதைப்பியள்? வீட்டிலை நீங்கள் கதைக்கிறது 'சோத்தைப் போடும்', 'லைற்றை நிப்பாட்டும்', அவ்வளவுதானே."

கணவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்து நின்று, ஆட்களை ஏற்றி, மறுபடி புறப்பட்டது.

"குண்டு தோளிலைதான் பட்டுது," என்றார். "அடியும்."

"பதிப்பகக்காரர் புத்தகம் போடாட்டி?"

"போடாட்டி விடட்டும். நீர் அடியும்."