எபினேசர் ஐயாவும் கோகிலவாணியின் ரத்தமும்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் சத்தியசீலன் அவர்களே, எங்கள் மருத்துவமனைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியார் டெய்சி அம்மா அவர்களே, வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் டாக்டர், எங்கள் டாக்டர், எபினேசர் ஐயா போய்விட்டார். அவரோடு இருபது ஆண்டு வேலை பார்த்த மகப்பேறு மருத்துவர் உம்மல் குல்சும் நான். அழுவதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் வியந்துகொள்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக்கூடத்து டாக்டர் என்றால் நோயாளியின் முகமே பார்க்காதவர் என்றுதானே நினைப்போம்? இவர் ரத்தம் எடுத்த குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி என் வார்டுக்கே வந்துவிடுவார். "ஏனுங்க டாக்டர், அந்த அம்மணிகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கலாமுங்களா?" என்பார். ஒரு கல்யாணத்தில் தயிர் எப்படி இவ்வளவு கெட்டியாக உறைந்தது என்று சமையல்காரரிடம் விசாரிக்கப் போனவர், மொய் எழுதவே மறந்து வீடு திரும்பினார்! டெய்சி அம்மா சிரிக்கிறார், பாருங்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோகிலவாணி, கணவர் மதன்குமாரோடு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரே சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். மூன்றாவது கருவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்த நேரம். ஊரில் ஒரு கிளினிக்கில் எடுத்த வி.டி.ஆர்.எல். சோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. சிபிலிஸ் எனும் பால்வினை நோயைத் தேடும் சோதனை அது. அப்புறம் கேட்க வேண்டுமா? உன்னால் வந்ததா, என்னால் வந்ததா என்று வீடே ரெண்டுபட்டது. என்னிடம் வந்த கோகிலவாணி, "பிரிஞ்சுக்கறதுன்னு பேசி முடிச்சாச்சுங்க. மருந்து மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

இருவர் ரத்தத்தையும் கீழே ஐயாவின் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். அந்தக் கிருமியை மட்டுமே தேடும் இன்னொரு சோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை. 'முதல் சோதனை தப்பு' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போனாரா? மாடியேறி வந்தார்! "கிருமி இல்லீன்னா, இந்தப் பொண்ணுக்கு மட்டும் பாசிட்டிவ் எதுக்குங்க வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கோகிலவாணி பக்கம் திரும்பினார். "எப்பவாச்சும் காலு வீங்குச்சா கண்ணு?"

"போன வருசம் எடது காலு வீங்கி, வலி உசுரு போச்சுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

அந்த முதல் வி.டி.ஆர்.எல். சோதனையில் சேர்ப்பது ஒருவகைக் கொழுப்புப் பொருள். சிலருடைய உடம்பு அப்படிப்பட்ட கொழுப்புக்கு எதிராகத் தானே எதிர்பொருள்களை உண்டாக்கிவிடும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள்கள் என்பார்கள். கிருமியே இல்லாமல் சோதனையை ஏமாற்றுவதும் அவைதான். ரத்தத்தைக் கட்டியாக்கி, காலை வீங்கவைத்து, நச்சுக்கொடியைக் கெடுத்து, கருவைக் கலைப்பதும் அவைதான். அதிலும் ஒரு வேடிக்கை! குழாயில் உறையத் தாமதிக்கும் அதே ரத்தம், உடம்புக்குள் சட்டென்று கட்டிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் ஐயாவுக்கு அது அதிசயம்தான்.

எதிர்பொருள் சோதனை பாசிட்டிவ். ஆனாலும் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன் என்றுவிட்டார். மறுபடியும் அதேதான் வந்தது. மதன்குமார் கேட்டார்: "அப்ப இவ மேல தப்பே இல்லீங்களா?"

"யாரு மேலயும் இல்லீங்க தம்பி. ஒரே ஒரு சோதனைய வெச்சு எல்லாருமாச் சேந்து தீர்ப்பு சொல்லிப்போட்டோம்."

மதன்குமார் அங்கேயே உடைந்து அழுதார். அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரின் மாத்திரை, ரத்தம் கட்டாமலிருக்க ஹெபரின் ஊசி. தினமும் அந்த ஊசியைப் போட்டவர் யார் தெரியுமா? அதே மதன்குமார்! எட்டாம் மாதம் முடியும்போது ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாகக் குழந்தையை எடுத்தோம். அந்தப் பெண்குழந்தை இப்போது அப்பா மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. சிகிச்சை கொடுத்தும் கலைந்துபோன கருக்கள் உண்டு. எதிர்பொருள் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அது எப்படி என்று போன மாதம்கூட ஐயா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாத கேள்வியைக் கேட்க இனி அவர் வரமாட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வார்டில் பெருந்துறையிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டு கருவை இழந்தவர், ரத்தத்தில் அதே எதிர்பொருள், இப்போது ஐந்தாம் மாதம். செய்தி கேட்டதும், "இனி என்னைய யாருங்க பாப்பாங்க?" என்றார். தோழர்களே, நாம்தான் பார்க்கவேண்டும்! ஒற்றைச் சோதனையை வைத்து எந்தப் பெண் மீதும் பழி விழ விடமாட்டோம். கரு தங்காதவரிடம் தலையெழுத்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பமாட்டோம். இது எபினேசர் ஐயாவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு.

அந்தப் பெண்ணுக்கு ஆறு மணிக்கு ஊசி. பயந்திருக்கிறார், இன்று நானே வந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். மௌன அஞ்சலிக்கு நான் நிற்கவில்லை என்று டெய்சி அம்மா கோபிக்கமாட்டார். நீங்கள் எழுந்து நில்லுங்கள், நான் வார்டுக்குக் கிளம்புகிறேன்.