மிஷின் எண்ணிய மூச்சு

மனிதனின் மிச்ச மூச்சை எண்ணிச் சொல்லும் மிஷின் வந்துவிட்டது என்று நம்பி, திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அரை நிமிடம் என் மூச்சைச் செலவழிக்காமல் அடக்கிக்கொண்டு நின்ற ஐம்பது வயது அறிவாளி நான்தான். பக்கத்தில் ஒருவர் சொன்னது அப்படி: "எத்தினி மணி நேரம் மூச்சு வுட்டாருன்னு இதுலயே தெரியும்க்கா."

பிறகுதான் புரிந்தது. கடை ப்ளக்கில் சொருகியிருந்தது, குறட்டைக்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமலிருக்க முகத்தில் மாட்டிவிடும் மிஷின். விற்க வந்த அம்மாளின் வீட்டுக்காரர் போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். வாங்க வந்தவர் தன் அண்ணனுக்காகப் பார்க்கிறார்.

"ஒரு வருசம் ஓடினது. நியாயமா எட்டாயிரம் குடு அண்ணாத்த. மாஸ்க் மட்டும் புச்சா வாங்கிக்கோ."

"இன்னாக்கா, மொத்தமே முப்பது மணி நேரந்தான் ஓடிக்கீது?"

"ராங்கா காட்டுது. டெய்லி நான்தானே மாட்டிவுட்டு, சுவிச்சப் போட்டுட்டு நைட் டூட்டிக்குப் போவேன்."

வாங்க வந்தவர் மறுபடி பட்டனை அமுக்கிக் காட்டினார். "தெனம் அஞ்சு நிமிசம்க்கா. எல்லா நாளும் அப்டிதான் கீது."

அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, நான் தெருமுனை தாண்டற வரிக்கும்தான் போட்டுகினு இருந்துக்கிறாரு."

"அப்ப இது புச்சுதான்க்கா. எட்டாயிரத்துக்கு எடுத்தா எனக்கே அடுக்காது."

கேட்டதற்கு மேல் இரண்டாயிரம் சேர்த்து, பத்தாயிரத்துக்கு மிஷின் விலைபோனது.