ஆடாத மேசை

தம்பி: ...தண்ணி சூடு போதுமாக்கா?

அக்கா: கையை விட்டுப் பார்த்தியா?

தம்பி: பார்த்தேன். கை வெந்துபோச்சு.

அக்கா: அப்போ பச்சைத்தண்ணி கலக்குடா! அப்பாவைக் குளிப்பாட்டப் போறோம், வேக வைக்கல. ஆமா, சட்டசபை உறுப்பினர் வாளி தூக்கறாரே... என்ன விஷயம்?

தம்பி: அப்பாவைப் பார்த்துக்க வர்ற அந்தம்மா நின்னுட்டாங்கன்னு போன்ல சொன்னியே...

அக்கா: அவங்களா நிக்கல. நீ இருக்கற துணைக்குழு நிறுத்திடுச்சு. படுக்கையில இருக்கறவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பற திட்டத்துக்கு இனிமே காசு கிடையாதாம். ஒண்ணு, நான் வேலையை விடணும். இல்லேன்னா அப்பாவை எங்கயாவது கொண்டுபோய் விடணும்.

தம்பி: சபையில நாங்க கத்தறதெல்லாம் சும்மாக்கா. ஒரு சின்ன ரூம், அஞ்சு பேரு, ஒரு தட்டு பிஸ்கட். எல்லாம் அங்கதான் முடியும்.

அக்கா: நீ அங்க என்ன பண்ணின?

தம்பி: பிஸ்கட்டை முடிச்சேன்.

அக்கா: விளையாடாதே!

தம்பி: நிஜமாத்தான். குழுத் தலைவர் ஒவ்வொரு திட்டமா படிப்பார். "இதை நிறுத்தாதீங்கன்னு மக்கள்கிட்டேர்ந்து மனு வந்திருக்கா?"ம்பார். வரலைன்னா யாருக்கும் தேவையில்லன்னு அர்த்தம். திட்டத்து பேர் மேல ஒரே கோடு அடிப்பார்... அடுத்தது.

அக்கா: மனுவைப் பார்த்துச் சொல்ற ஆளு யாரு?

தம்பி: ...சோப்பு எங்கக்கா?

அக்கா: உன் கையிலதான் இருக்கு. யாருடா அது?

தம்பி: நான்தான்.

அக்கா: ஒண்ணுகூடவா வரல?

தம்பி: வரலைன்னு சொன்னேன்.

அக்கா: வந்துச்சா, இல்லியா?

தம்பி: ஒரு கட்டு வந்துச்சு... என் மேசைக்கு ஒரு கால் குட்டை. டீ கொட்டிக்கிட்டே இருக்கும். அந்தக் கட்டு சரியா அந்த உசரம்...

அக்கா: அடப்பாவி!

தம்பி: நாலு மாசமா மேசை ஆடவே இல்லக்கா. பதவிக்கு வந்து நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்.

அக்கா: எனக்குப் பத்திக்கிட்டு வருது! வர்றவங்ககிட்ட எல்லாம் "என் பையன் பார்த்துப்பான்"னு சொல்லிக்கிட்டிருக்கார்டா அப்பா.

தம்பி: அப்பா முதுகை நான் தேய்க்கறேன்கா.

அக்கா: இனிமே மாத்த முடியாதா?

தம்பி: முழுக் குழு கூடறப்போ, "மனுவைப் பிரிக்காமலே வரலைன்னு சொல்லிட்டேன்"னு நானே எழுந்து சொன்னா, திட்டத்தைத் திரும்பப் பேச எடுப்பாங்க.

அக்கா: நீயா? தடுக்கி விழுந்தா ரோடு மேல புகார் குடுக்கற ஆளாச்சே!

தம்பி: அது சரி... நீ ஏன் என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லல?

அக்கா: தம்பி சிபாரிசுன்னு நாலு பேர் பேசவா? எல்லாரையும் போல நானும் முறையா...

தம்பி: முறையா?

அக்கா: ஒண்ணுமில்ல. அப்பா காலைப் பிடி.

தம்பி: கட்டுல மேலாப்பல இருந்த மனு அப்பா பேர்ல இருக்கு. எழுத்து உன்னுது.

அக்கா: ...படிச்சியா? எப்போ?

தம்பி: நேத்து. நீ போன்ல அழுதியே, அதுக்கப்புறம். இன்னைக்குக் காலையில முழுக் குழு முன்னாடி எழுந்து நின்னு சொல்லிட்டேன்கா. தலைவர்லேர்ந்து டீ கொண்டுவர்றவர் வரைக்கும் சிரிச்சாங்க. அந்த அம்மா திங்கக்கிழமை வந்துடுவாங்க. அந்த ஒரே கோடு இப்போ என் பேர் மேல விழுந்துடுச்சு... குழுவுல நான் இல்ல. அந்தம்மா வர்ற வரைக்கும் காலையில நான் வர்றேன். இந்தத் தண்ணி சரியா இருக்கா பாரு.